எஞ்சினம்மா உண்மை சொன்ன மாதம்

"என்ன சம்பந்தி, உங்க வீட்டுப் பொண்ணுக்கு மறுபடியும் காய்ச்சலாமே?"

முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியவர், காரின் மேலுடம்பை ஒட்டிச் சேர்க்கிறவர். பசை என்று பட்டப்பெயர். இந்தப் பக்கம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் ஃபிட்டர். எதையும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்காமல் விடமாட்டார் என்பதால் அவர் திருகாணி.

"எங்க வீட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான்யா இருந்தா. உங்க வீட்டுக்கு வந்தப்புறம்தானே காய்ச்சல்? என்னத்தைப் போட்டுப் பாத்துக்கிட்டீங்களோ!"

"உடம்பு சரியில்லாத பொண்ணைத் துணி போர்த்தி அனுப்பிட்டு, பேச்சைப் பாரு!"

இதில் நிஜமான பெண்ணும் இல்லை, நிஜமான காய்ச்சலும் இல்லை. பெண் என்பது எஞ்சின். அது ஒரு பந்தயக் கார் நிறுவனம். எஞ்சினை ஊரார் கையில் வாங்கக் கூடாது, நாமே செய்ய வேண்டும் என்று பழைய முதலாளி பிடிவாதமாகத் தொடங்கிய எஞ்சின் கம்பெனி ஒரு கட்டடத்தில். காரைக் கட்டி ஓட்டும் அணி எதிர்க் கட்டடத்தில். நடுவே சிமென்ட் முற்றம். செய்து முடித்த எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தூசி படாமல் துணி போர்த்தி, முற்றம் தாண்டி அனுப்புவார்கள். போன மறுநாளே புகார் வந்துவிடும். எடை அதிகம். சத்தம் அதிகம். எண்ணெய் ரொம்பக் குடிக்கிறாள். பெண்ணைக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், எடுத்தவர்கள் மறுபக்கம் என்று பேச்சு தானாகவே அமைந்துபோயிற்று. இரண்டு பக்கத்தாரும் எதிர்ப்பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: அக்கரை.

ஜன்னல் வழியாக இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த எஞ்சினம்மாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சின் கம்பெனிக்குத் தலைவி அவள். ஐம்பதைத் தாண்டியவள். ஒரு எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே அதன் குணத்தைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கருவியிலும் பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் அக்கரையில் வேலை. காருக்குள் காற்று எந்த வழியாக நுழைந்து, எதைத் தொட்டுவிட்டு, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று தீர்மானிப்பவர். ஆகவே அவர் காத்து சார்.

இவர்கள் கல்யாணம் மட்டும்தான் இரண்டு கரைக்கும் நடுவில் நடந்த நிஜக் கல்யாணம். அது நிலைத்ததற்குக் காரணம் ஒரு சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேலையையும் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் எஞ்சின் என்ற சொல் வரக்கூடாது, காற்று என்ற சொல்லும் வரக்கூடாது. மின்விசிறியைப் போடச் சொல்வதானால்கூட, "அதைக் கொஞ்சம் போடுங்க" என்றுதான் சொல்வாள். புதுக்குடித்தனம் நடத்தியபோது எண்ணெய்க் குழாய் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று ஒரு பேச்சு தொடங்கி, அடுப்பில் வைத்த பால் பாத்திரமே கரியாகி, பக்கத்து வீட்டுக்காரர் புகை பார்த்து ஓடி வந்தார். அன்று போட்ட சட்டம்.

அவளுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. இந்த வருஷத்து எஞ்சின் காரில் ஏறியதிலிருந்து கொதிக்கிறது. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் பாதியிலேயே ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பழைய முதலாளியின் மகன், எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், எஞ்சின் கட்டடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"சனிக்கிழமை மூணாவது ஓட்டம். அன்னிக்கும் கொதிச்சா, எஞ்சினை வெளில வாங்கிக்கலாம்னு இருக்கேன். இந்தக் கம்பெனியை மூடிட வேண்டியதுதான். எனக்கு வேற வழி தெரியலை."

"சனிக்கிழமையேவா?" என்றாள் எஞ்சினம்மா.

"சனிக்கிழமையேதான்."

அவர் போனதும் அந்தப் பெரிய கூடத்தில் கையிலிருந்த ஸ்பானர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எஞ்சினை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு கட்டடம் நிறைய இருந்தார்கள். எல்லார் கண்ணும் எஞ்சினம்மா மேல்.

காய்ச்சல் எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டுமானால் ஒரு மாதம் பின்னால் போக வேண்டும். அதற்கு முன்னால் 'வாய்' பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

காரின் விலாவில் காற்று நுழைய ஒரு திறப்பு இருக்கும். உள்ளே ரேடியேட்டர். அதில் காற்றுப் பட்டுத் தண்ணீர் ஆறினால்தான் எஞ்சின் பிழைக்கும். அந்தத் திறப்புக்கு இரண்டு கரையிலும் வாய் என்று பெயர். வாய் பெரிதாக இருந்தால் எஞ்சினுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெரிய வாய் காற்றோடு மல்லுக்கு நிற்கும். கார் வேகம் குறையும். ஆகவே எஞ்சின்காரர்களுக்கு எவ்வளவு பெரிய வாயும் போதாது, கார்க்காரர்களுக்கு எவ்வளவு சின்ன வாயும் அதிகம்.

வருஷா வருஷம் கூட்டத்தில் காத்து சார் கேட்பார். "இந்தத் தடவை எவ்ளோ வாய் வேணுமாம்?"

"முப்பத்தஞ்சு சென்டிமீட்டர்" என்பாள் எஞ்சினம்மா, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"அம்மாடி! எஞ்சினுக்கும் பொறந்த வீட்டு வாயே வந்துடுச்சா?"

கூட்டம் சிரிக்கும். அவள் முறைப்பாள். உண்மையில் எஞ்சினுக்கு வேண்டியது முப்பதுதான். எப்படியும் அவர் குறைப்பார் என்று அவள் ஐந்தைக் கூட்டிச் சொல்வாள். எப்படியும் அவள் கூட்டித்தான் சொல்லியிருப்பாள் என்று அவர் ஐந்தைக் கழித்து வெட்டுவார். முப்பதில் வந்து நிற்கும். கார் ஓடும். இதை அவளும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் அவளிடம் சொன்னதில்லை. கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தே, நடுவில் இருக்க வேண்டிய முடிச்சு நடுவில் இருந்தது.

போன மாதம் சின்னவர் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் இரண்டு கரையையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்.

"நாம ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள ஒளிவு மறைவு எதுக்கு? இனிமே யாரும் கூட்டிச் சொல்ல வேண்டாம், யாரும் கழிச்சுக் கேக்க வேண்டாம். உள்ளது உள்ளபடி. சரியா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். காத்து சார் ஆட்டிய ஆட்டில் கழுத்து சுளுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

எஞ்சினம்மா அன்றைக்கே உண்மையான அளவை அக்கரைக்கு அனுப்பினாள். முப்பது. அனுப்பிவிட்டு, தலைச்சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

உண்மை பேசத் தொடங்குகிறவர்களுக்கு வரும் முதல் வியாதி, ஊரே உண்மை பேசத் தொடங்கிவிட்டது என்று நினைப்பது. எஞ்சினம்மாவுக்கு அது முற்றிப்போயிருந்தது.

"இந்த ஹெட்டுதான் சரியில்லை, திருகாணி" என்றாள் வெள்ளிக்கிழமை. எஞ்சினுக்கு மூடி மாதிரி மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டை அந்த வருஷம் புதிதாக வரைந்தவள் அவளே. "தண்ணி போற வழியை நான் எங்கேயோ ஒடுக்கமாக்கிட்டேன்."

"நாலு தடவை கழட்டிப் பாத்தாச்சும்மா. கார்ல ஏத்தாம டெஸ்ட் பெட்ல வெச்சு ஓட்டினா பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. ராட்சச ஃபேன் வெச்சு ஊதறோம், அது வேற விஷயம்."

"அப்ப கார்ல மட்டும் ஏன் கொதிக்குது?"

திருகாணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை மெதுவாக வெளியே எடுத்தார். "ஒரு நடை அக்கரைக்குப் போயி... வாயை மட்டும் அளந்து பாத்துட்டு..."

"உள்ள வைங்க அதை!"

"இல்லம்மா, சும்மா ஒரு..."

"உள்ள வைங்கன்னு சொன்னேன். நம்மளை என்னன்னு நெனப்பாங்க?"

அவள் பதறியதில் நியாயம் இருந்தது. அக்கரைக்கு வெறுங்கையோடு போகலாம், சண்டை போடவும் போகலாம். அளவு நாடாவோடு போகக் கூடாது. சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நுழைந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பதற்குச் சமம் அது. இத்தனை வருஷத்தில் யாரும் செய்ததில்லை.

"தவிரவும், அவங்கதான் தலையாட்டினாங்களே, உள்ளது உள்ளபடின்னு" என்றாள்.

திருகாணி நாடாவை உள்ளே வைத்துக்கொண்டார். "ஆட்டினாங்க. நல்லாத்தான் ஆட்டினாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் தங்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை. ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கு முழுக்க முகம் வாடிப்போகிற மனுஷன். நல்ல பையன்தான், பக்கத்தில் உட்காரத்தான் கொஞ்சம் பயமாக இருக்கும்.

"என்னங்க, மணி ஏழே கால் ஆச்சு. சாப்பிட வரீங்களா இல்லையா?" என்று எஞ்சினம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்ப ஏழுதானே? வரேன் வரேன்" என்று உள்ளறையிலிருந்து காத்து சார்.

மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

சாப்பாட்டு மேஜையில் மகள் கேட்டாள். "ஏம்மா, முகமே சரியில்லை? ஆபீஸ்ல ஏதாவது..."

"வீட்ல அந்தப் பேச்சு கிடையாது" என்றார்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில்.

"இப்படி ஒத்துமையா இருக்கறதுக்கு ஒரு சண்டையே போட்டுக்கலாம் நீங்க."

"சண்டையா? உங்கம்மா கூடவா? எனக்கென்ன, வீடு வாசல் வேண்டாமா?" என்றார் காத்து சார்.

எஞ்சினம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "போதும் போதும்" என்றார். அவள் இன்னும் அரைக் கரண்டி போட்டாள். போதும் என்று அவர் சொன்னால் இன்னும் அரைக் கரண்டிக்கு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவரும் அந்த அரைக் கரண்டிக்கு இடம் வைத்துவிட்டுத்தான் போதும் என்பார். மாப்பிள்ளை இதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நினைப்பு முழுக்க மறுநாள் மேலேயே இருந்தது. நாளைக்கு இந்நேரம் அந்தக் கட்டடம் இருக்கும், உள்ளே எஞ்சின் இருக்காது. திருகாணிக்கு என்ன பதில் சொல்வது? தான் வரைந்த ஒரு ஹெட்டினால் ஒரு கட்டடமே கவிழ்ந்தது என்று அக்கரையில் காலம் பூராவும் பேசுவார்கள். எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவளும் குடித்தாள்.

காலையில் எப்போதும்போல எழுந்து, எப்போதும்போல கிளம்பினார்கள். செல்போன் ஆளுக்கொன்று இருந்தாலும், இரண்டு கையும் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் கண் போவது சுவருக்குத்தான்.

"கடிகாரத்துல ஏழு பத்துங்க."

"இன்னும் ஏழே ஆகலை. இன்னொரு வாய் காபி குடிச்சுட்டுப் போலாம். பஸ் ஏழே காலுக்குத்தானே?"

குடித்தார்கள். நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து முனைக்குப் போனார்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பஸ்ஸும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்பவர்களும் இல்லை. ஒரு நாய் மட்டும் நின்று இவர்களைப் பார்த்தது.

"போயிடுச்சா? இன்னிக்கா? இன்னிக்குப் பாத்தா?" என்றாள் எஞ்சினம்மா.

காத்து சார் ஓடிப்போய் ஒரு டாக்ஸியை நிறுத்தினார். உட்கார்ந்ததும் அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஹால் கடிகாரத்தை யாருடி தொட்டது?"

"அவர்தாம்மா. நேத்து நீங்க படுத்தப்புறம் சரி பண்ணி வெச்சார். கால் மணி நேரம் முன்னாடி ஓடிட்டிருந்துச்சாம். பாவம்மா, உங்களுக்கு உதவி பண்றேன்னு சந்தோஷமாத் தூங்கினார்."

"உதவியா!" போனுக்குக் காதைக் கொடுத்திருந்த காத்து சார் தலையில் கை வைத்தார். "அதை நாமதானேம்மா முன்னாடி வெச்சோம்! ஊருக்கே தெரியுமே, அதுல கால் மணி கழிச்சுக்கணும்னு! இந்த மனுஷன் வந்து உண்மையைக் காட்ட வெச்சுட்டாரு. அது உண்மையைக் காட்டுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நாம பாட்டுக்குக் கழிச்சோம்..."

எஞ்சினம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். மகள் உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்கவில்லை.

"என்னங்க."

"என்ன?"

"வாயில எவ்ளோ கழிச்சீங்க?"

காத்து சார் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நம்ம சட்டம்..."

"சட்டம் வீட்டுக்குள்ளதான். இது டாக்ஸி. எவ்ளோ கழிச்சீங்க?"

"எப்பவும் போலதான்."

"எப்பவும் போலன்னா?"

"அஞ்சு." இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நான் முப்பதுன்னு அனுப்பினேன்."

"ஆமா. எனக்கே ஆச்சரியம். எப்பவும் முப்பத்தஞ்சு கேக்கறவ இந்தத் தடவை முப்பது கேக்கறாளே, புது ஹெட்டு அவ்ளோ நல்லா வந்திருக்குன்னு பெருமையாக்கூட இருந்துச்சு."

"நான் உண்மையைச் சொன்னேங்க!"

"நீ ஏன் உண்மையைச் சொன்னே?" காத்து சார் நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

"கூட்டத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டோமே! நீங்க எப்படித் தலையாட்டினீங்க!"

"தலையாட்டினதையெல்லாம் நம்பினா எப்படிம்மா? கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனை தடவை ஆட்டியிருக்கேன், அதையெல்லாமா நம்பினே?"

"கொதிச்சப்பவாவது தோணலையா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தோணும்? எங்க பக்கத்துல எல்லாரும் ஹெட்டு ஹெட்டுன்னு உன்னைத்தான் பேசிட்டிருந்தாங்க. கட்டின பொண்டாட்டியாச்சே, நாமளும் சேந்து பேசக்கூடாதுன்னு நான் வாயைத் திறக்கவே இல்லை."

"திறக்க வேண்டிய அன்னிக்கு எதையுமே திறக்கலை நீங்க!"

டாக்ஸி ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்தார். "அம்மா, வாயில அஞ்சு கழிச்சதுக்கா இவ்ளோ சண்டை? எங்க வீட்ல ஒண்ணுகூடக் கழிக்க முடியலம்மா."

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. கொஞ்சம் வேகமா ஓட்டுங்க."

கம்பெனி வாசலில் இறங்கியபோது, வெளியிலிருந்து எஞ்சின் விற்க வந்தவர் ஏற்கெனவே முற்றத்தில் சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சலவை கலையாத கோட்டு, பளபளவென்று ஒரு பெட்டி. கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல் எஞ்சின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார் சின்னவர், கடிகாரத்தைப் பார்த்து.

"ஒரே நிமிஷம், சார்" என்று சொல்லிவிட்டு எஞ்சினம்மா நேராகத் தன் கட்டடத்துக்குள் போனாள். திருகாணியின் சட்டைப் பையில் கை விட்டு அளவு நாடாவை எடுத்தாள். வெளியே வந்து முற்றத்தில் இறங்கினாள்.

"அம்மா... அம்மா, நாடாம்மா அது" என்று திருகாணி பின்னாலேயே ஓடி வந்தார்.

"தெரியும்."

அவள் கையில் இருப்பதை முதலில் பார்த்தவர் பசை. கையில் எடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அக்கரையில் ஒவ்வொருவராக வேலை நின்றது. சம்பந்தியம்மா வந்துவிட்டாள், டப்பாவைத் திறக்கப் போகிறாள் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

எஞ்சினம்மா காரின் பக்கத்தில் குனிந்தாள். நாடாவை இழுத்து வாயின் ஓரத்தில் வைத்தாள். வளைந்த ஓரம், மறுமுனை நழுவி நழுவி வந்தது. இரண்டாம் தடவை நழுவியபோது ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. காத்து சாரின் கை. அவர் யாரையும் பார்க்கவில்லை, நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்ளோ?" என்றார்.

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சுதான்."

பின்னால் சின்னவர் குரல். "என்ன நடக்குது இங்க? ஓட்டத்துக்கு நேரமாச்சு. ஏன் எல்லாரும் கல்யாணத்துல பொட்டியைத் தொலைச்ச மாதிரி நிக்கறீங்க?"

எஞ்சினம்மா நிமிர்ந்தாள். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் அக்கரை தலையில் கட்டிவிடலாம். எஞ்சின் கட்டடம் முழுக்க அந்த வார்த்தைக்காகத்தான் முற்றத்தில் வந்து நின்றது. எதிரில் காத்து சார் நாடாவின் முனையை விடாமல் நின்றார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவர் மாதிரி.

"தப்பு என்னுது சார்" என்றாள். "நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

"என்னது?"

"வாய் எவ்ளோ வேணும்னு கேட்டாங்க. கூட்டிச் சொல்லாம உள்ளதைச் சொல்லிட்டேன். எங்க வழக்கம் அது இல்லை."

"இல்லை சார்" என்று குறுக்கே வந்தார் காத்து சார். "தப்பு என்னுது. அவங்க உண்மையைச் சொன்னாங்க, நான் நம்பலை. பழக்கதோஷத்துல அஞ்சு கழிச்சுட்டேன். ஹெட்டுல ஒரு குறையும் இல்லை. மூச்சு விட வழி வெக்காம மூக்கைப் பிடிச்சது நான்தான்."

சின்னவர் இவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இவங்க கூட்டி, நீங்க கழிச்சு... அப்படியா ஓடிச்சு நம்ம கார்?"

"நல்லாத்தானே சார் ஓடிச்சு" என்றார் பசை, ரம்பத்தைத் தேடிக்கொண்டே.

"எதுக்கு ரம்பம்?"

"வாயைக் கிழிக்கத்தான் சார். அஞ்சு சென்டிமீட்டர். நீங்க பேசிட்டிருங்க, அதுக்குள்ள முடிச்சுடறேன்."

பேசிக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வரவில்லை. காத்து சார் கோடு போட்டார், எஞ்சினம்மா அந்தக் கோட்டை மறுபடி அளந்தாள், பசை அறுத்தார், திருகாணி பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அக்கரைக்குள் இவ்வளவு தூரம் வந்து நின்றது அன்றைக்குத்தான். அறுத்த ஓரத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினார்கள். பார்க்க, பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

கட்டடங்களுக்குப் பின்னாலிருந்த ஓட்டத் தடத்தில் கார் இறங்கியது. ஓட்டுகிற பையனுக்கு ரேடியோ என்று பெயர். தலைக்கவசத்துக்குள் இருக்கும் மைக்கில் ஒரு நொடி பேசாமல் இருக்கமாட்டான்.

"போறேன் போறேன்... முதல் வளைவு... முதுகுல அடுப்பு இன்னும் மூட்டலை போல... நேர்ரோடு... சூடு சரியா இருக்கு... ரெண்டாவது சுத்து... யாராவது பேசுங்கப்பா, தனியா பேசிட்டிருக்கேன்..."

தடத்தின் ஓரத்தில் நின்ற எஞ்சினம்மா வெப்பமானி காட்டும் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன இரண்டு தடவையும் கார் நின்ற அந்தத் தூரத்து வளைவு வந்தது. எஞ்சின் அதில் நுழைந்து, குரலைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்திக்கொண்டு வெளியே வந்தது. ஏதோ கேட்பதற்குப் பதில் சொல்வது மாதிரி. இன்னொரு சுற்று. இன்னொன்று.

"ஏம்மா, கண்ணைத் திறந்து பாரேன்" என்றார் காத்து சார்.

"நீங்களே சொல்லுங்க."

"சொன்னா நம்புவியா?"

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஊசி நடுவில் நின்றது, நகரவே இல்லை.

"என்னப்பா இது, பின்னாடி எஞ்சின் இருக்கா, கழட்டிட்டீங்களா?" என்றான் ரேடியோ. "குளுகுளுன்னு இருக்கு! இன்னும் எத்தனை சுத்து ஓட்டணும்? சாப்பாட்டுக்கு வரணுமா வேண்டாமா?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எந்தக் கரை என்று தெரியவில்லை. அதன் பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கோட்டுக்காரர் பெட்டியை மூடத் தொடங்கினார். காத்து சார் அவர் பக்கம் திரும்பினார். "சார், ஒரு சந்தேகம். உங்க எஞ்சினுக்கு வாய் எவ்ளோ வேணும்?"

"நாப்பது" என்றார் அவர் சட்டென்று.

"நெஜமாவா?"

கோட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். குரலைத் தாழ்த்தினார். "நீங்க எவ்ளோ கழிப்பீங்க?"

திருகாணி திரும்பிக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

எஞ்சினம்மா சின்னவரிடம் போனாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப கம்பெனியை மூடறது..."

"அந்தப் பேச்சை விடுங்க. எஞ்சின் நம்மளுதுதான்." சின்னவர் தொண்டையைச் செருமினார். எதையோ சொல்ல நினைத்து, வேண்டாம் என்று நினைத்து, தரையைப் பார்த்தார். "அதுலயும் ஒண்ணு... வெளி எஞ்சின் வாங்கறதான்னு முடிவெடுக்க எனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல நேரம் இருந்துச்சு."

"என்னது?"

"சனிக்கிழமைன்னு சொன்னாத்தான் நீங்க ஒரு மாசத்துக்குள்ளயாவது முடிப்பீங்கன்னு..."

ஒளிவு மறைவு வேண்டாம் என்று ஒரு மணி நேரம் பேசிய வாய் அது. காதோரம் சிவந்துபோயிருந்தது.

"சந்தேகமே இல்லை" என்றார் பசை, பெருமூச்சு விட்டு. "சார் நம்ம குடும்பம்தான்."

சாயங்காலம் வீட்டு வாசலில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். மருந்து மாற்றிக் கொடுத்தவர் மாதிரி முகம்.

"மன்னிச்சுக்குங்க அத்தை. தப்பா ஓடுதேன்னு நெனச்சு..."

"நீங்க கடிகாரத்தைச் சரி பண்ணலைன்னா எங்களுக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது, தம்பி" என்றாள் எஞ்சினம்மா. "உள்ள வாங்க, சாப்பிடலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மனைவி அப்பாவைப் பார்த்தாள். வீட்டுக்குள் அந்தப் பேச்சு கிடையாது என்பதால் யாரும் விளக்கவில்லை.

காத்து சார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

"எவ்ளோ முன்னாடி வெக்கணும்?"

எஞ்சினம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டியது கால் மணி நேரம். இத்தனை வருஷமாக இருந்தது கால் மணி நேரம்.

"இருபது நிமிஷம் வைங்க."

"இருபதா! அம்மாடி!" என்றார் காத்து சார். முள்ளைத் திருகினார். கடிகாரத்தை மாட்டிவிட்டு இறங்கினார். "பாத்துக்கோ. சரியா இருக்கா?"

அவள் மாப்பிள்ளையின் மணிக்கட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம் முன்னால் இருந்தது.

"சரியா இருக்கு" என்றாள்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.